ஒரே விரலுக்குத் திறக்கும் போன்கள்

எல்லைச் சோதனைச் சாவடியில் கட்டட வேலை ஆட்களின் வேனை ஓரங்கட்டச் சொன்னபோது யாரும் கவலைப்படவில்லை. மேஸ்திரி இந்தச் சாவடியைப் பலமுறை தாண்டியவர்.

"தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுவான். பூசுற கரணையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மட்டக்கோல் எதுக்குன்னு கேப்பான். அப்புறம் போகச் சொல்லிடுவான்" என்றார் முன்சீட்டிலிருந்து.

பெட்டியைத் திறந்தார்கள். கரணையைப் பார்த்தார்கள். மட்டக்கோல் எதற்கு என்றும் கேட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் மேஸ்திரிக்குத் தெரியாதது.

"எல்லாரும் போனை எடுத்து இந்த மேசை மேல வைங்க" என்றார் அதிகாரி. "பூட்டைத் திறந்து வைங்க. புது உத்தரவு."

மேசை மேல் போன்கள் வந்து விழுந்தன. கண்ணாடி கீறிய போன், மூலை உடைந்த போன், பின்பக்கம் காய்ந்த சுண்ணாம்பு ஒட்டிய போன். போட்டுவிட்டு ஆட்கள் ஒருவரும் தங்கள் போனைத் தொடவில்லை. எல்லாரும் சமையல்காரியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஒவ்வொரு போனிலும் வலது கட்டைவிரலை வைத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்தது.

அதிகாரி பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"நீங்க யாரும்மா இவங்களுக்கு?"

"சமைக்கிறவ சார்."

"சமைக்கிறவங்க விரலுக்கு எல்லார் போனும் எப்படித் திறக்குது?"

வரிசையிலிருந்து ரேடியோ முந்திக்கொண்டான். அவன் கொத்தனார். வாய் ஓயாததால் வந்த பெயர். "சார், எங்க விரல்ல ரேகை கிடையாது சார். சிமெண்டு தின்னுட்டுது. பாருங்க." இரண்டு கைகளையும் நீட்டினான். விரல் நுனிகள் கழுவிய கூழாங்கல் மாதிரி இருந்தன. "பிறக்கும்போது இருந்திச்சுன்னு எங்கம்மா சத்தியம் பண்ணுவாங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. சமையல்காரிதான் விளக்க வேண்டியிருந்தது.

சாரத்தில் நிற்கிறவன் சட்டைப்பையில் போன் இருக்கக்கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். ஒருமுறை மேலேயிருந்து விழுந்த போன் கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தவரின் தோளைப் பதம் பார்த்துவிட்டது. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் மண்டை. அன்றிலிருந்து காலையில் வேலை ஏறும்போது எல்லா போன்களும் சமையல் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடும். பகலெல்லாம் அந்தக் கூடை அடிக்கும், உறுமும், பாடும். யார் வீட்டிலிருந்து என்ன சேதி, குழந்தைக்குக் காய்ச்சலா, வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்து நிற்கிறாரா என்று பார்த்து, சாரத்தடியில் போய்நின்று கத்துவது அவள் வேலை. அதற்கு அவள் விரல் வேண்டியிருந்தது. அவள் விரலும் அடுப்பில் வெந்த விரல்தான். ஆனாலும் ரேகை மிச்சமிருந்தது.

"அப்போ இவங்க எல்லாரோட ரகசியமும் உங்க கையில."

"இவங்களுக்கு என்ன சார் ரகசியம். பால் பவுடர் தீர்ந்துபோச்சுன்னு சேதி வரும். அதைக் கத்திச் சொல்லுவேன். ஊருக்கே தெரியும்."

அதிகாரி முதல் போனை எடுத்தார். பக்கத்தில் இன்னொருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவரும் பொழுதுபோகாத வேலையில் இருப்பவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மேஸ்திரியின் போனில் அவர் மைத்துனனோடு போட்ட சண்டை முழுக்கக் குரல் சேதிகளாக இருந்தது. அதைக் கேட்டார்கள். ரேடியோவின் போனில் பாதி எழும்பிய சுவர்களுக்கு முன்னால் ரேடியோ நிற்கும் படங்கள், ஒரே சிரிப்பு, சுவர் மட்டும் வேறு வேறு. அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு அதிகாரி ஒரு சேதியைச் சத்தமாகப் படித்தார்.

"'என் செல்லக் குரங்கே, சாப்பிட்டியா'. யாருப்பா அது செல்லக் குரங்கு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ரேடியோவும் சிரித்தான். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கம்பிக்காரன் மேசையிலிருந்து தன் போனை எடுத்துவிட்டான். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிப் பூட்டி, சட்டைப்பையில் போட்டு, பை மேல் கையை வைத்துக்கொண்டான். தளத்துக்குக் கம்பி வளைத்துக் கட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கி பேசுவதில் பாதிகூட அவன் பேசியதில்லை.

"என்ன தம்பி, வை கீழ."

"இது வேணாம் சார்."

"என்னது?"

"பையைப் பாருங்க. பெட்டியைக் கொட்டிப் பாருங்க. என்னையே தடவிப் பாருங்க. போன் மட்டும் வேணாம்."

"மறைக்க அதுல என்ன இருக்கு?"

"மறைக்க ஒண்ணும் இல்ல சார். காட்டவும் ஒண்ணும் இல்ல."

அதிகாரி எழுந்தார். அதட்டவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே நின்றார். அப்படி நிற்கிற கையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும். கம்பிக்காரன் போனைக் கொடுத்தான்.

"நம்பர் சொல்லு."

"மாட்டேன் சார்."

"வேணாம். சொல்ல வேணாம்." அதிகாரி போனைச் சமையல்காரியின் முன்னால் வைத்தார். "நீங்க வைங்கம்மா விரலை."

அந்த போனில் என்ன இருக்கிறது என்பது மேசையைச் சுற்றி நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கம்பிக்காரனுக்கும் அவளுக்கும்.

போன வேலையின் நடுவில் அவன் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். தையல் அடிவயிற்றில் குறுக்கே ஓடியது. ஒரு ஓரத்தில் மட்டும் ஆறாமல் நீர் வடிந்துகொண்டேயிருந்தது. மதியம் கட்டுப்பிரித்துத் துடைக்கும்போது அவள் ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்புவாள். அந்த நேரத்தில் அவன் சாரத்தின் உச்சியில் இருப்பான். ஒருநாள் கொட்டகைக்கு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, மதியானம் ஒரு படம் வரும். நீங்க பார்த்துச் சொல்லணும். எனக்குப் பார்த்தாலே தலை சுத்துது. வேற யார்கிட்டயும் கேக்க முடியாது."

அன்றிலிருந்து சமையல்காரி பார்த்தாள். சிவப்பு கூடியதா குறைந்ததா, சீழா வெறும் நீரா என்று பார்த்து, அவன் இறங்கி வந்ததும் சொல்வாள். அவன் அதை அப்படியே எழுதி அனுப்புவான்.

இப்போது அந்தப் படங்கள் எல்லாம் மேசை மேல், அவள் விரலுக்கு அடியில்.

"அவர் சொன்னா வைக்கிறேன் சார்" என்றாள்.

"நான் சொல்றேன்ல."

"உங்க போன் இல்லையே சார் இது."

"உங்க போனும் இல்லையேம்மா. விரல்தானே உங்களுது?"

"ஆமா. விரல் என்னுது. அதனாலதான் வைக்கமாட்டேங்கறேன்."

நாற்காலியில் இருந்தவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். அதிகாரியின் முகம் இறுகியது. "அப்போ வேன் இந்தப் பக்கமே நிக்கட்டும். ஒருத்தரும் தாண்ட வேணாம். சாயந்திரம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வந்த வழியே திரும்பிப் போங்க."

மேஸ்திரி சமையல்காரியின் முன்னால் வந்து நின்றார். அந்தப் பக்கம் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வேலை. மறுநாள் கம்பி கட்ட ஆரம்பித்தால்தான் சொன்ன நாளில் தளம் போட முடியும். இவர்கள் போகாவிட்டால் வேறு ஆட்களை இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்க ஆட்கள் அங்கேயே காத்திருந்தார்கள்.

"அக்கா, உனக்குக் கும்பிடு போடறேன். ஒரு விரல்தானே. வெச்சு எடுத்துடு."

"நீ உன் போனைக் கொடுத்தே, நான் வெச்சேன். இவன் கொடுக்கலை."

"டேய், நீயாவது சொல்லேண்டா! என்னடா இருக்கு அதுல? யாரையாவது கொன்னு புதைச்சியா?"

கம்பிக்காரன் மேசையை விட்டு நகர்ந்தான்.

சமையல்காரி அவனைத் தண்ணீர்க்குழாய் பக்கம் கூட்டிப்போனாள். மற்றவர்கள் வேனுக்குப் போய் நிழலில் குந்தினார்கள்.

"விஷயத்தை அந்த ஆள்கிட்ட சொல்லிடட்டுமா?"

"வேணாங்க்கா. அவன் சத்தமாப் படிப்பான். அந்தப் பக்கத்து ஆளுக்குக் காட்டுவான். ரேடியோ காதுல விழும். அப்புறம் சாகுற வரைக்கும் சாரத்துல இதே பேச்சா இருக்கும்."

"பொம்பளை அதிகாரி இருந்தா?"

அவன் யோசித்தான். "தெரியலைக்கா."

"உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அது அவ வயிறு. அவளைத்தான் கேக்கணும். இந்தா, என் போன்ல கூப்பிடு. என்னுதைப் பார்த்து முடிச்சுட்டாங்க."

கம்பிக்காரன் போனை வாங்கவில்லை. குழாயை இறுக்கமாகத் திருகினான். சொட்டிக்கொண்டிருந்தது நின்றது.

"என்னடா?"

"நீங்க பாக்குறதே அவளுக்குத் தெரியாதுக்கா."

சமையல்காரிக்குச் சுருக்கென்றது. "தெரியாதா? இத்தனை நாளா?"

"சொன்னா அனுப்பமாட்டாள்னு பயமா இருந்திச்சு. அனுப்பலைன்னா எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவன் கன்னத்தில் ஒன்று விட்டால் தேவலை என்றிருந்தது. அந்த அதிகாரிமேல் இவ்வளவு நேரம் ஏறிக்கொண்டிருந்த ஆத்திரம் பாதி இறங்கிப்போனது. தானும் இத்தனை நாள் கேட்காமல் பார்த்தவள்தானே. அந்தப் பெண்ணின் புருஷன் கொடுத்தான் என்பதைத் தவிர அதிகாரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். வித்தியாசம் இருந்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

"கூப்பிடு" என்றாள். "எல்லாத்தையும் சொல்லு. என்னையும் சேர்த்துச் சொல்லு."

அவன் எண்களை அழுத்தினான். அந்தப் பக்கம் எடுத்ததும் குழாய்ப் பக்கம் திரும்பி நின்று, மென்று விழுங்கிச் சொன்னான். சாவடி, போன், விரல், அக்கா எல்லாம் முன்பின்னாக வந்தன. கடைசியில் போனைச் சமையல்காரியிடம் நீட்டினான். "உங்களைக் கேக்கறா."

"தங்கச்சி, நான்தான்…" என்று ஆரம்பித்தவளை அந்தக் குரல் முடிக்கவிடவில்லை.

"அக்கா, எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஆபரேஷன் முடிஞ்சு முதல் வாரம் இந்த மனுஷன் என்ன எழுதுவாரு தெரியுமா? 'பார்த்தேன். சரி.' அவ்வளவுதான். திடீர்னு ஒருநாள் 'சிவப்பு கொறைஞ்சிருக்கு, இடது ஓரத்துல மட்டும் ஈரம், பாவாடை நாடா அதுமேல படாமப் பார்த்துக்க'ன்னு வருது. பாவாடை நாடா எங்க படும்னு இவருக்கு எப்படித் தெரியும்? பொம்பளை யாரோ சொல்லித்தராங்கன்னு புரிஞ்சுபோச்சு. வேலையில பொம்பளைன்னா சமைக்கிற அக்கா ஒருத்திதான்னு முன்னாடியே சொல்லியிருக்காரு."

சமையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "தப்பா எடுத்துக்காதே தங்கச்சி."

"நாடாவை மேல ஏத்திக் கட்டினதுக்கு அப்புறம்தான் ஆறவே ஆரம்பிச்சுது. தப்பா எடுத்துக்கவா? ஆனா நீங்க வேற, அவனுங்க வேற."

"அதான் உன்னைக் கேக்கறேன். நீ வேணாம்னா வேணாம். வேன் திரும்பட்டும். இந்த வேலை இல்லைன்னா இன்னொரு வேலை."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"பொம்பளையா இருந்தாப் பார்க்கட்டும். கதவைச் சாத்திட்டுப் பார்க்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க. அந்தச் சத்தமாப் படிக்கிற ஆள் கைக்கு போன் போகக்கூடாது. அப்புறம், அக்கா…"

"சொல்லு."

"நேத்து எடுத்ததை முதல்ல காட்டுங்க. பழசெல்லாம் கிழிஞ்ச சாக்கைத் தைச்ச மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் உங்களைத்தான் பிடிப்பானுங்க."

சமையல்காரி நேராக மேசைக்குப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், அதுல ஒரு பொண்ணோட ஆஸ்பத்திரி படம் இருக்கு. உடம்புப் படம். அந்தப் பொண்ணைக் கேட்டேன். பொம்பளை அதிகாரி, மூடின ரூம்ல, என்னை வெச்சுக்கிட்டுப் பார்த்தா சம்மதம்னு சொல்லுது. வேற யாரும் பார்க்கறதுக்குச் சம்மதம் இல்லை."

அதிகாரி காதைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை. வீட்டில் மனைவி, மகள் இருக்கிற முகம்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"எங்க சார் சொல்ல விட்டீங்க? குரங்கைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

நாற்காலியில் இருந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதிகாரி கம்பிக்காரனின் போனை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து, அவளிடமே கொடுத்தார். "மேடம் மதியத்துக்கு மேலதான் டூட்டிக்கு வருவாங்க. அதுவரைக்கும் வெச்சிருங்க. பூட்டினபடியே இருக்கணும்."

காத்திருந்தார்கள். வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப்போட்டுத் தூங்கினான். கட்டிக் கொண்டுவந்திருந்த சோற்றைச் சமையல்காரி வேன் நிழலில் பிரித்துப் பரிமாறினாள். வயிறு நிறைந்ததும் மேஸ்திரியின் புலம்பல் குறைந்தது. ரேடியோவின் வாய் கூடியது.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லு. புதையல் படமா? இல்ல, மாமியாரை மொட்டை அடிச்ச படமா?"

"செல்லக் குரங்கே, சாப்பிடு."

சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். கம்பிக்காரனும் கொஞ்சம் சிரித்தான். அதற்குப் பிறகு ரேடியோ கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, தட்டைக் கழுவும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "என் போனை வேணா இன்னொரு தடவை பார்த்துக்கச் சொல்லுங்க. அவனுதை விட்டுடட்டும். எனக்குத்தான் மானம் போயாச்சே." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

பெண் அதிகாரி வந்தார். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, பக்கத்து அறையைத் திறந்தார். பழைய பெஞ்சு, டேபிள் ஃபேன், சுவரோரமாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கதவைச் சாத்தினார். கம்பிக்காரன் வெளியே சுவரில் சாய்ந்து நின்றான்.

உள்ளே சமையல்காரி விரலை வைத்தாள். போன் திறந்தது. நேற்றைய படத்தை எடுத்துக் காட்டினாள். ஓரம் உலர்ந்து, தழும்பு மெல்லிய கோடாகிக்கொண்டிருந்தது. பெண் அதிகாரி அதைப் பார்த்தார். அதற்கு முந்தியதைப் பார்த்தார். இன்னும் முந்தியதற்கு விரல் போய், நின்றது. மேலே தள்ளிச் சேதிகளைப் படித்தார். மனசுக்குள்தான் படித்தார். பிறகு கம்பிக்காரன் கட்டிய கம்பிகளின் படங்கள், மேஸ்திரி அனுப்பிய அளவுகள், வீட்டு வாசலில் ஒரு கோழி. அவ்வளவுதான் அந்த போனில் இருந்தது. சோறு பரிமாறிய நேரம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுதும்மா." போனைத் திருப்பிக் கொடுத்தவர் எழுந்திருக்கவில்லை. "இருமல் வந்தா தலையணையை வயித்தோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு மேடம்."

"வெயிட்டு தூக்க வேணாம்னு சொல்லுங்க."

"அதையும் சொல்லியாச்சு. கேக்கறாளான்னுதான் தெரியலை."

"யாருதான் கேக்கறாங்க" என்றார் பெண் அதிகாரி. கதவைத் திறந்துவிட்டார்.

வேன் தாண்டியது. அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருந்தது. டிரைவர் விட்ட நேரத்தைப் பிடிப்பதற்காக விரட்டினான். கம்பிக்காரன் பின்சீட்டில் சமையல்காரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, தப்பா நினைக்கக்கூடாது."

"விரலை எடுத்துடணும். அதானே?"

அவன் தலையாட்டினான்.

"நான் கேக்கணும்னு இருந்தேன். நீ முந்திக்கிட்டே. எடு."

அவனுக்கு எண் அழுத்துவது பழக்கமில்லை. தடித்த விரல் ஒன்றை அழுத்தினால் இரண்டு அழுந்தியது. பலமுறை தப்பாகி, போன் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுபடி அழுத்தினான். திறந்தது. அவள் விரலை அதிலிருந்து அழித்தான். முன்சீட்டிலிருந்து மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "எனக்கு அப்படியே இருக்கட்டும் அக்கா. என் மச்சான் கூப்பிட்டா நான் செத்துட்டேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

மறுநாள் தொட்டி வேலை தொடங்கியது. அடித்தளக் குழிக்குள் கம்பி இறங்கி, கட்டுக்கம்பி முறுக்கும் சத்தம் காலையிலிருந்து கேட்டது. புதுக் கொட்டகையில் அதே கூடை. மதியம், அரிசி கொதித்து வரும் நேரத்தில், கூடைக்குள் கம்பிக்காரனின் போன் உறுமியது. சமையல்காரி எடுத்துப் பார்த்தாள். பூட்டுத்தான் தெரிந்தது. திரும்பக் கூடையில் வைத்தாள். அடுத்து, அடுப்பு மேடையிலிருந்த அவளுடைய சொந்த போன் மணியடித்தது.

படம். தழும்பு. கீழே ஒரு குரல் சேதி.

"அக்கா, நேத்து சாவடியிலேர்ந்து வந்த உங்க நம்பரை வெச்சுக்கிட்டேன், அவர்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே இது நேரா உங்களுக்கே வரும். அந்த மனுஷனுக்குச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. அவருக்கு வேற ஒண்ணு அனுப்பியிருக்கேன்."

சமையல்காரி படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு குழியின் விளிம்புக்குப் போய்க் கத்தினாள்.

"தம்பி! உன் போன் அடிக்குது!"

அவன் ஏறி வந்தான். துரு படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்து, போனை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றான். எண்ணை அழுத்த நேரம் பிடித்தது. திறந்ததும் அவன் தோள் ஒருமுறை மேலே போய் இறங்கியது. காதுவரை சிரிப்பு தெரிந்தது. அவள் என்ன என்று கேட்கவில்லை. கஞ்சி வடிக்கத் துணியை எடுத்தாள்.

அவன் போனைக் கூடையில் போட்டான். கொட்டகை வாசலிலேயே நின்றான்.

"அக்கா, சிவப்பு எப்படி இருக்கு?"

"சுத்தமாப் போயிடுச்சு" என்றாள். "இறங்கு, மேஸ்திரி பார்க்கறாரு."